விரலிலிருந்து முழங்கை வரை

எதெல்மிரா அந்த மலையூர்ச் சுகாதார நிலையத்துக்கு நர்சாக வந்து ஒன்பதாம் நாள் ருபெர்த்தா உள்ளே நுழைந்தாள். ஊர்ப் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர் அவள். இடது ஆள்காட்டி விரலில் ஒரு புண், இரண்டு மாதமாக ஆறவில்லை. முந்தைய நர்ஸ் நோட்டில் 'ஊத்தா' என்று எழுதியிருந்தாள். மணல் ஈ கடித்து வரும் புண்ணுக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். பதினைந்து ஊசி போட்டாயிற்று, இன்னும் ஐந்து பாக்கி.

"இடுப்புல குத்திக் குத்தி உக்காரவே முடியல நர்சம்மா. புண்ணு மட்டும் அப்படியே இருக்கு. மூணு மேட்ச்சா என்னைய வெளிய நிறுத்திட்டாளுங்க. நான் தொட்ட பந்தத் தொட மாட்டாளுங்களாம். எங்க டீம் கசில்டா சொல்றா, கையைக் கழட்டி வெச்சுட்டு வா, காலாலயே கோல் புடின்னு."

ஊசி மருந்தைக் கையில் எடுத்த எதெல்மிராவுக்கு மனசு ஒப்பவில்லை. பதினைந்துக்கு அசையாத புண் இருபதுக்கு எப்படி அசையும்? புண்ணைப் படம் எடுத்தாள். தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினால்தான் சிக்னல் வரும். ருபெர்த்தாவையும் கூட்டிக்கொண்டு ஏறி, அங்கே நின்று தலைநகர் லீமாவிலிருக்கும் தோல் மருத்துவர் ஒர்மாச்சேயாவுக்கு அனுப்பினாள். இப்படி மலையூர்களிலிருந்து வரும் படங்களைப் பார்ப்பதற்கென்றே உட்கார்ந்திருக்கும் பெண்மணி அவர். பதில் உடனே வந்தது.

"புண்ணை மட்டும் அனுப்பியிருக்கீங்க. எனக்கு முழுக்கையும் வேணும்மா. வெயில்ல நிறுத்தி, விரல்லேர்ந்து தோள் வரைக்கும் எடுங்க."

ருபெர்த்தா முனகிக்கொண்டே மூன்று கம்பளிச் சட்டையையும் கழற்றினாள். சாய்ந்து விழுந்த காலை வெயிலில் எதெல்மிரா அதைப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, நூலில் கோத்தாற்போல, ஒன்றையடுத்து ஒன்றாக ஐந்து கட்டிகள்.

"அக்கா, இது எப்பலேர்ந்து?"

"கொசுக்கடின்னு விட்டுட்டேன். இந்தக் குளிர்ல யாரு சட்டையைக் கழட்டிப் பாக்குறா?"

படம் போன மறு நிமிடம் மருத்துவரே கூப்பிட்டார். "வீட்ல பூனை இருக்கான்னு கேளுங்க."

ருபெர்த்தா வாயைப் பிளந்தாள். "லீமாவுல இருக்கறவங்களுக்கு என் பூனை எப்படித் தெரியும்? அந்தச் சனியன் கீறுனது இதே விரலத்தான்."

எதெல்மிராவுக்குப் புரிந்துவிட்டது. படிக்கும்போது ஒரே ஒரு பக்கத்தில் பார்த்த நோய், இதோ கண்ணெதிரே.

"பூஞ்சைன்னு நினைக்கிறேன்," என்றார் மருத்துவர். "மண்ணுலயும் பூனை நகத்துலயும் இருக்கும். உள்ள போனா இப்படித்தான் வரிசை கட்டி மேல ஏறும். ஊசியை நிறுத்துங்க. ஆனா படத்தை மட்டும் நம்பி மருந்து தர மாட்டேன். உடையாத கட்டியிலேர்ந்து சீழ் எடுத்து லேபுக்கு அனுப்புங்க."

மத்தியான வேனில் சீழ்க்குப்பி அபாங்காய் நகரத்து லேபுக்கு இறங்கியது. எட்டு நாள் எதெல்மிரா தொட்டி மேட்டுக்கு ஏறி ஏறி இறங்கினாள். ஒன்பதாம் நாள் லேபிலிருந்து செய்தி வந்தது: அனுப்பிய சீழில் பூஞ்சை வளர்ந்திருக்கிறது.

அவள் நேரே மைதானத்துக்கு ஓடினாள். பயிற்சி நின்றது. மூச்சு வாங்க, "ஊத்தா இல்ல, பூஞ்சை. பந்தைத் தொட்டா யாருக்கும் ஒட்டாது," என்றாள்.

கசில்டா பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யோசித்தாள். "அப்போ பூனையை டீம்ல சேக்காம இருந்தா போதும்," என்றாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ருபெர்த்தா மட்டும் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மருந்து வெறும் அயோடைடு சொட்டு. கர்ப்பம் இல்லை, தைராய்டு கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஆரஞ்சுச் சாற்றில் ஐந்து சொட்டு, தினம் மூன்று வேளை என்று தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினார்கள்.

"ஆணியை நக்குன மாதிரி இருக்கு," என்று ருபெர்த்தா திட்டிக்கொண்டே குடித்தாள். அந்த மருந்துக்கு மூக்கும் ஒழுகியது. வாரா வாரம் படம் லீமாவுக்குப் போனது. நான்காம் வாரம் கட்டிகள் தட்டையாகின, ஏழாம் வாரம் விரலில் புண் மூடியது. மேலும் ஒரு மாதம் மருந்தை நிறுத்தக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார்.

அந்த ஞாயிறு ருபெர்த்தா கோலுக்குத் திரும்பினாள். இரண்டு கோல் வாங்கினாள், மூன்றாவதைப் பாவாடை பறக்கப் பாய்ந்து அதே இடது கையால் தட்டிவிட்டாள். ஆட்டம் சமனில் முடிந்தது.

திங்கட்கிழமை எதெல்மிரா நோட்டைத் திறந்து, ஊத்தா என்று எழுதப்பட்ட மற்ற நால்வரையும் வரச்சொல்லி ஆளனுப்பினாள். மூன்று பேருக்கு ஊத்தாதான். நான்காவது ஆள், ஒரு உருளைக்கிழங்கு விவசாயி, சட்டைக் கையைச் சுருட்டினார்; முழங்கை வரை அதே வரிசைக் கட்டிகள். எதெல்மிரா போனை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள்.