பெயர் வெட்டிய அண்டா

என்னுடைய பித்தளை அண்டாவை ஏழு நாடுகள் சேர்ந்து சிறை வைத்திருந்தன. கேட்டால் சிரிப்பீர்கள். அன்று மாலை கடல் பாலத்துக்கு அக்கரையில் சிம்பாங் அம்பாட்டில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் பாயசம் காய்ச்ச வேண்டியிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜோர்ஜ்டவுனில் ஒரு பழைய மண்டபத்தில் பயிற்சி முகாம் நடந்தது. போர் வந்தால் அருங்காட்சியகப் பொருள்களைக் குண்டுக்கும் கொள்ளைக்கும் கொடுக்காமல் எப்படிக் காப்பது என்று பல நாட்டு ஆட்கள் வந்து பழகினார்கள். அவர்களுக்கு மதியச் சாப்பாடு என் கேட்டரிங். நான் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டேன். என் வீட்டுக்காரர் ஜெயராஜுக்குத்தான் உலகத்துக்கு உதவி செய்யாவிட்டால் தூக்கம் வராது. நிஜப் பொருளை வைத்து ஒத்திகை பார்த்தால் கீறல் விழும், பழையதாகப் பெரியதாக ஏதாவது கிடைக்குமா என்று முகாமைக் கவனித்துக்கொண்ட சிந்துஜா கேட்டிருக்கிறாள். இவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேனிலிருந்து அண்டாவை இறக்கிக் கொடுத்துவிட்டார். இருநூறு வருஷத்துப் பொருள் என்று ஒரு பொய்யையும் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். நான் அதை லெபோ பசார் தெருவில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கி ஆறு வருஷம்கூட ஆகவில்லை.

முகாமின் கடைசி நாள், பாத்திரங்களை வேனில் ஏற்றும்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

"அண்டா எங்கங்க?"

"அது பெட்டிக்குள்ள இருக்கு மோகனா. ஆணி அடிச்சு சீல் வச்சிட்டாங்க. கொஞ்சம் பொறுலா."

பொறுப்பதா. நிச்சயதார்த்தம் ஞானாம்பிகை அம்மா வீட்டில். சிலோன்காரக் குடும்பம், வாய்க்கு ருசி தெரிந்தவர்கள். பாயசம் நன்றாக இருந்தால் கல்யாணச் சமையலும் உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார். எவர்சில்வரில் பால் அடிபிடிக்கும். அத்தனை பேருக்குக் காய்ச்ச அந்த அண்டாவை விட்டால் எனக்கு வேறு வழி கிடையாது. பாலத்து ஜாமைத் தாண்டி அங்கே போய் அடுப்பு மூட்ட வேண்டும். கையில் இருந்த சாதக் கரண்டியோடு மண்டபத்துக்குள் நுழைந்தேன்.

நடுவில் மரப்பெட்டி. அதன் மேல் ‘பாதுகாக்கப்பட்ட பொருள்’ என்று நீல ஸ்டிக்கர். ஒரு பக்கம் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவரும் மறுபக்கம் சிவப்புச் சால்வை போட்ட ஓர் அம்மாவும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் அருங்காட்சியக அதிகாரிகள், பக்கத்துப் பக்கத்து நாட்டுக்காரர்கள். அந்த இரண்டு நாடுகளும் கொஞ்ச நாள் முன்புதான் சண்டையை நிறுத்தியிருந்தன. பெயர் சொல்லக் கூடாது என்று சிந்துஜா கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை.

"ரெண்டு பேரும் சைன் பண்ணாத்தான் பெட்டிய திறக்க முடியும் அக்கா," என்றாள் சிந்துஜா. "ரெண்டு பேருமே மாட்டேங்குறாங்க."

ஒத்திகைக் கதைப்படி பொருள் எல்லையில் கிடைத்ததாம், இருவரும் சேர்ந்து காக்க வேண்டுமாம். விளையாட்டாகத்தான் தொடங்கியிருக்கிறார்கள். அண்டாவின் கழுத்தில் புள்ளி புள்ளியாக ஏதோ எழுத்து இருந்ததில் விளையாட்டு முற்றிவிட்டது. தன் நாட்டுப் பழைய எழுத்து என்றார் தாடிக்காரர். அவர்கள் எழுதக் கற்றதே எங்களிடம்தான் என்றார் சால்வைக்காரம்மா. சிந்துஜா சீனப் பள்ளியில் படித்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்கத் தெரியாது. அவள் போனில் இருந்த படத்தைக் காட்டினாள்.

மோ. ஜெ. பக்கத்தில் ஒரு பூ.

"அந்தக் கல்வெட்டு நான்தான்," என்றேன் ஆங்கிலத்தில். "மோகனா, ஜெயராஜ். என் பாத்திரத்தைக் கொடுங்கள்."

கழுத்தில் விசில் மாட்டியிருந்த பயிற்சியாளர் பொறுமையாகச் சிரித்தார். "போர்க்காலத்தில் இப்படித்தான் அம்மா ஆள் வரும், என்னுடையது என்று சொல்லிக்கொண்டு."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கரண்டியை ஓங்கிக்கொண்டு பெட்டியை நோக்கிப் போனேன். ஆணியை நெம்பத்தான் போனேன். பார்த்தவர்களுக்கு அப்படித் தெரியவில்லை. தாடிக்காரரும் சால்வைக்காரம்மாவும் ஒரே நேரத்தில் துள்ளி எழுந்து, கையோடு கை கோத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நின்றார்கள். இடமும் வலமும் நகர்ந்து பார்த்தேன். இருவரும் சேர்ந்தே நகர்ந்தார்கள்.

பயிற்சியாளர் சந்தோஷத்தில் விசிலை ஊதினார். முகாம் தொடங்கிய நாள் முதல் அவர் இந்த ஒத்துழைப்புக்காகத்தான் காத்திருந்தாராம். எல்லா நாட்டுக்காரர்களும் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரரும் தட்டினார். அவரை வீட்டில் வைத்துக் கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். சால்வைக்காரம்மா கோத்த கையை விடுவித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாத்திரத்தில் எதற்குப் பெயர் எழுதுகிறீர்கள்?" என்று கேட்டார்.

"எங்கள் ஆட்கள் வீட்டில் ஒரு விசேஷம் என்றால் பாத்திரம் ஊரெல்லாம் சுற்றும்," என்றேன். "இரவல் போகும், வேறு வீட்டுப் பாத்திரத்தோடு கலந்துவிடும். பெயர் வெட்டியிருந்தால் யாராவது படித்துவிட்டுக் கொண்டுவந்து கொடுப்பார்கள். இல்லாவிட்டால் போனது போனதுதான்."

போரில் தங்கள் அருங்காட்சியகமே காலியாகிவிட்டது என்றார் அந்த அம்மா. கிண்ணம், குடம், விளக்கு. சாமான் போனதோடு அதைப் பதிந்துவைத்த காகிதமும் எரிந்துவிட்டது. "எதிலும் எங்கள் பெயர் இல்லை. எங்கே கேட்பது?"

தாடிக்காரர் பெட்டியைப் பார்த்தபடியே நின்றார். மிக மெதுவாகத்தான் பேசினார்.

"சில பொருள்கள் எங்கள் கிடங்கில் இருக்கின்றன," என்றார். "யாருடையது என்று தெரியாது என்று எழுதி வைத்தோம். எனக்குத் தெரியும்."

பயிற்சியாளர் விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தாடிக்காரர் மேசைக்குப் போய் முதல் கையெழுத்தைப் போட்டார். அந்த அம்மா அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, அதே பேனாவை வாங்கித் தானும் போட்டார்.

பாயசம் தப்பியது. ஞானாம்பிகை அம்மா இரண்டாம் தடவை வாங்கிக் குடித்துவிட்டு, கல்யாணத்துக்கு இதே அண்டாவோடு வா என்றார். வேனில் திரும்பும்போது என் வீட்டுக்காரர் பாலம் முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. பயம் இருந்திருக்கிறது, சந்தோஷம்.

மறுநாள் காலை சிந்துஜா போன் செய்தாள். "அக்கா, அந்த மேடம் நீங்க பேர் வெட்டுன கடைய பாக்கணுமாம். அவரும் வர்றாரு."

லெபோ பசாரில் நான் அண்டா வாங்கிய சாஹித் பாய் கடைக்குக் கூட்டிப்போனேன். சால்வைக்காரம்மா ஒரு சின்னப் பித்தளைச் செம்பை எடுத்து, தன் அருங்காட்சியகத்தின் பெயரைத் தங்கள் எழுத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

"இது என்ன பாசைமா? தப்பா வெட்டிட்டா?" என்றார் சாஹித் பாய்.

"படம் வரையுற மாதிரி பாத்து வெட்டுங்க பாய். ஒரு புள்ளி விடாதீங்க."

மிஷின் டிக் டிக் என்று ஓடியது. தாடிக்காரர் அருகில் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார். ஓர் இடத்தில் புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடித்ததும் அவர்தான். அந்த அம்மா செம்பை வாங்கித் துடைத்து அவர் கையில் கொடுத்தார்.

"கிடங்கில் அந்தப் பொருள்களுக்குப் பக்கத்தில் இதை வையுங்கள்," என்றார்.

அவர் அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பாத்திரம் விஷயத்தில் என்னால் சும்மா இருக்க முடியாது.

"சார், ஒன்று சொல்ல வேண்டும்," என்றேன். "எங்கள் வழக்கத்தில், வாங்கிப்போன பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டோம்."

அவர் செம்பைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார்.

"வெறுமனே வராது," என்றார்.