தொட்டிமீன் கடைக்காரரின் மூன்று கோடுகள்

மனைவி இறந்த ஒன்பதாம் நாள், தொட்டிமீன் கடைக்காரரின் உடம்பில் மூன்று வெள்ளைக் கோடுகள் விழுந்தன. ஒன்று கழுத்தைச் சுற்றி, ஒன்று வயிற்றைச் சுற்றி, ஒன்று முழங்காலுக்குக் கீழே. இடையில் இருந்த தோல் செங்கல் நிறத்துக்கு ஏறியிருந்தது. பக்கத்துக் கடைத் தையல்காரர் எட்டிப் பார்த்து, "என்னய்யா, பெயிண்ட் டப்பாவ மேல கவுத்துக்கிட்டியா?" என்றார். டேப்பை எடுத்து அளந்தும் பார்த்தார். மூன்றும் ஒரே அகலம், இரண்டு விரற்கடை. அவரே வெட்டியிருந்தாலும் இவ்வளவு சரியாக வந்திருக்காது என்று ஒப்புக்கொண்டு போய்விட்டார்.

கடைக்காரருக்குக் கோட்டைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. வீட்டில் ஐந்து மாதப் பெண் குழந்தை. தாய் காய்ச்சலில் போன நாளிலிருந்து புட்டியைத் தள்ளியது, ஸ்பூனில் கொடுத்த பாலைத் துப்பியது, சர்க்கரைத் தண்ணீரில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. மனைவியின் அக்கா வந்து இறங்கினாள். நல்ல மனுஷிதான், ஆனால் வாயைத் திறந்தால் தீர்ப்பு. "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன் தம்பி. அதுக்குள்ள புள்ள பால் குடிக்கலன்னா நான் தூக்கிட்டுப் போயிடுவேன். ஆம்பளையால ஆகுற காரியமா இது?" அவர் தலையாட்டினார். ஏழு வருடமாகக் கடையில் விலை சொல்வதுகூட மனைவிதான். பக்கத்தில் நின்று தலையாட்டுவது அவர் வேலை. அது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் வாய் ஓயாது. கடை நடுவே பெரிய தொட்டியில், செங்கல் நிற உடம்பில் மூன்று வெள்ளைக் கோடு போட்ட கோமாளி மீன்கள் இருந்தன. கூட்டத்தில் பெரியதுதான் பெண், அடுத்தது அவள் புருஷன், மற்றதெல்லாம் வளராமல் பொடிசாகவே காத்திருக்கும், பெண் செத்துப்போனால் சில வாரத்தில் புருஷனே பெண்ணாகி முட்டையிடும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விளக்குவார். பத்து வருடம் இதைச் சொன்ன மனிதருக்குத் தன் சட்டை மார்பில் இறுகியபோது ஆச்சரியம் வரவில்லை. சரி, நம்ம முறை என்று நினைத்துக்கொண்டார். மீனைவிட அவருக்குச் சீக்கிரமே நடந்தது. வியாழக்கிழமை பால் கட்டிச் சட்டை நனைந்தது.

பால் வந்ததே தவிர, குழந்தை கிட்ட வரவில்லை. அவர் கை பட்டாலே சூடு வைத்ததுபோல் வீறிட்டது. மனைவியின் அக்கா அந்தக் கோடுகளைத் தொற்றுநோய் என்று முடிவுகட்டி, மருந்துச் சோப்பு வாங்கி வந்து, தினம் மூன்று வேளை தேய்த்துக் குளித்தால்தான் குழந்தையைத் தொடலாம் என்று சட்டம் போட்டிருந்தாள். அவரும் தோல் எரிய எரியத் தேய்த்தார்.

சனிக்கிழமை காலை தொட்டித் தண்ணீர் மாற்றும்போது ஒரு கோமாளி மீன் துள்ளித் தரையில் விழுந்தது. மனசு எங்கேயோ இருக்க, அதைத் துணியில் பிடித்துத் துடைத்துத் தொட்டியில் விட்டார். அது தான் குடியிருக்கும் கடல் சாமந்திக்குள், பூப்போல விரிந்து விஷ விரல்களால் கொட்டும் அந்தப் பிராணிக்குள், ஓடியது. சாமந்தியின் விரல்கள் அதைக் கொட்டித் துரத்தின. உடம்பில் இருந்த வழுவழுப்புதானே அந்த விஷத்துக்கு மருந்து. துடைத்துவிட்டால் சொந்த வீடே சுடும். மீன் பதறவில்லை. துடுப்பால் தொட்டது, விலகியது, வாலால் தொட்டது, விலகியது. சாயங்காலத்துக்குள் வீட்டுக்குள் போய்விட்டது. "அட மடையா!" என்று கடைக்காரர் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

அன்று முதல் சோப்பைத் தொடவில்லை. குழந்தையின் பாதத்தை ஒரு விரலால் தொட்டார். அழுதது, விலகினார். புறங்கையால் தொட்டார். சிணுங்கியது, விலகினார். விடிய விடிய இதே வேலை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் கார் வந்து நின்றது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மனைவியின் அக்கா கிளம்பினாள். அவர் குறுக்கே வந்து கையை நீட்டினார்.

"குளிச்சிட்டீங்களா?"

"இல்லக்கா. இனிமே அந்தச் சோப்புப் போட்டுக் குளிக்க மாட்டேன். புள்ளயக் குடுங்க."

அந்த வீட்டில் அவர் போட்ட முதல் உத்தரவு அது. அவள் தன்னை அறியாமல் கொடுத்துவிட்டாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானைக் கழற்றினார். குழந்தை கழுத்துக் கோட்டில் மூக்கைத் தேய்த்தது, முனகியது, பிறகு மார்பைப் பற்றிக்கொண்டது. மடக் மடக்கென்று அது விழுங்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவர் வாய்விட்டு அழுதார், சந்தோஷத்தில்தான்.

வெளியே ஹாரன் அடித்தது. அவள் போய்க் காரை அனுப்பிவிட்டு வந்தாள். அவருடைய முழங்கைக்குக் கீழே ஒரு தலையணையைச் சொருகினாள்.

"தம்பி, அந்தப் பக்கமும் மாத்திக் குடுங்க. ஒரே பக்கம் குடுத்தா கட்டிக்கும்."