எழுந்தால் நிற்கிற வண்டி

கிழக்கு டென்னசி மலைச்சரிவுகளில் ஏப்ரல் பிறந்துவிட்டால் புல்லைப் பிடித்து நிறுத்த முடியாது. திங்கட்கிழமை வெட்டினால் சனிக்கிழமை கணுக்காலைத் தொடும். முப்பது வருஷமாக அதோடு மல்லுக்கட்டிய வெர்னா லெட்ஃபோர்டு, போன கோடை முழுக்க நடந்து நடந்தே வெட்டினாள். பின்னால் நின்று தள்ளுகிற ஓட்டை இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு பாப்டிஸ்ட் சர்ச், அதன் கல்லறைத் தோட்டம், முதியோர் இல்லம், இருபத்தேழு வீடுகள். ஐம்பத்தைந்து வயதில் முழங்கால் இரண்டும் வீங்கிப்போயின. உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி ஒன்றை வாங்கித் தொலையேன் என்று சொல்லாத ஆள் இல்லை. அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அப்படி ஒரு வண்டிதான் போன மே மாதம் அவள் தம்பி ராய்ஸ் மேல் கவிழ்ந்து அவனைக் கொன்றது.

இந்த வசந்தத்தில் முதியோர் இல்லத்திலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். புது நிலம் சேர்த்திருக்கிறார்கள், மொத்தத்தையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும், முடியாதென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம். அந்த வேலை போனால் தொழிலையே மூட வேண்டியதுதான். அதனால்தான் செவ்வாய்க்கிழமை காலை, ராய்ஸின் மனைவி ட்வைலாவோடு, ஹாலிஸ் மேப்ரியின் கடை வாசலில் வந்து இறங்கினாள் வெர்னா. ட்வைலாதான் அழைத்து வந்தாள். ராய்ஸின் பழைய பிக்கப் டிரக், பின்னால் காலி டிரெய்லர்.

ட்வைலாவுக்கு நாற்பது வயது. புருஷனைப் புதைத்த மூன்றாம் வாரம், அவன் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெர்னா வீட்டு வாசலில் வந்து நின்று, "எங்கே வெட்டணும், சொல்லு" என்று கேட்டவள். அன்றிலிருந்து ஒரு நாள் லீவு போட்டதில்லை. ஒரு நாள் அழுததும் இல்லை. அதற்குப் பதிலாகத் திட்டுவாள். செத்தவனை இவ்வளவு திட்டுகிற பெண்ணை அந்த ஊர் பார்த்ததில்லை. அங்கே புருஷனுக்குக் கல்லறைக் கல் வைக்கும்போது பக்கத்திலேயே மனைவி பெயரையும் செதுக்கி, இறந்த வருஷத்துக்கு மட்டும் இடம் விட்டு வைப்பது வழக்கம். ட்வைலா சின்னக் கல்லாகப் பார்த்து அவன் பெயரை மட்டும் வெட்டச் சொன்னாள். பாதிரியார் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, "என்னை வேணாம்னு போனவன் பக்கத்துல எனக்கெதுக்குப் படுக்கை?" என்றாள்.

வெர்னா அப்போது பக்கத்தில்தான் நின்றிருந்தாள். 

ஹாலிஸுக்கு எழுபது வயது இருக்கும். இரண்டு பேரையும் குழந்தையிலிருந்தே தெரியும். "வாங்க, வாங்க. இன்னைக்கு வாங்காம போனீங்கன்னா நானே சாகுற வரைக்கும் உங்க புல்லை வெட்ட வேண்டியிருக்கும்" என்று சிரித்தபடி வெளியே வந்தான். கடை ஓரமாக நிறுத்தியிருந்த பளபளப்பான சின்ன வண்டியை அவன் கை காட்டியதுதான் தாமதம், ட்வைலா பேச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹாலிஸ், ஞாயித்துக்கிழமை பீர் குடிச்சிக்கிட்டே ஓட்டுறவனுக்கு இதைக் காட்டு. எங்களுக்கு வாரத்துக்கு அறுபது மணி நேரம் ஓடணும்."

"அடேயப்பா. விலையையாவது கேளேன்."

"விலை கெடக்குது. அடியில என்ன இருக்குன்னு நான் பாக்கணும்."

சொன்னவள் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தலையை நுழைத்தாள். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்குவதை வெர்னா தள்ளி நின்று கவனித்தாள். பிளேடுகளை மூடியிருக்கும் தட்டு அச்சில் அழுத்திச் செய்ததாக இருந்தால் வேண்டாம், கனத்த இரும்பை வெட்டி வெல்டு வைத்ததாக இருக்க வேண்டும். இரண்டு சக்கரத்துக்கும் பம்பு தனித்தனியாக வேண்டும், ஒன்று போனால் ஒன்றை மட்டும் கழற்றிப் பழுதுபார்க்கலாம். பிளேடு சுழல்கிற அச்சுக்குக் கிரீஸ் அடிக்க வழி வேண்டும். "அடைச்சு வச்சதெல்லாம் ரெண்டே வருஷத்துல கத்த ஆரம்பிச்சுடும்." இதெல்லாம் ராய்ஸ் சொல்லிக்கொடுத்தது. திட்டுவதற்கு நடுவே அவன் சொன்னது எதையும் அவள் மறக்கவில்லை. கடைசியில் மூன்று வண்டிகள் தேறின.

"இன்னும் ஒண்ணு" என்றாள் ட்வைலா, முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே. "எதை எடுத்தாலும் அந்தக் கம்பியை வெல்டு வச்சுக் கொடு. எந்த முட்டாளும் கழட்ட முடியாதபடி."

இருக்கைக்குப் பின்னால் தலைக்கு மேலே வளைந்து நிற்கிற கம்பியைச் சொன்னாள். வண்டி புரண்டால் ஆள் நசுங்காமல் தாங்குவது அதுதான். தாழ்ந்த கிளை வந்தால் இறங்கி, இரண்டு பக்கமும் செருகியிருக்கிற ஊசியை உருவி, கம்பியை மடக்கி, மரத்தடியை வெட்டிவிட்டு மறுபடி நிமிர்த்த வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது தடவை இதைச் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஊரில் பாதிப் பேர் மடக்கினால் மடக்கியதுதான். சிலர் போல்ட்டைக் கழற்றிக் கம்பியையே கொட்டகைக்குப் பின்னால் வீசிவிடுவார்கள்.

"வெல்டு வச்சா மரத்தடிக்குப் போக முடியாதேம்மா" என்றான் ஹாலிஸ்.

"மரத்தடியை நடந்து வெட்டிக்கறேன். ராய்ஸுக்கு எள்ளளவு புத்தி இருந்திருந்தா இன்னைக்கு இங்கே அவன் நின்னு பேரம் பேசிட்டிருப்பான்."

  ராய்ஸ் கம்பியைக் கழற்றவில்லை. கழற்றியது வெர்னா. போன வருஷம் மே மாதம், மழை வருகிற ஒரு மத்தியானம், இன்னும் மூன்று வீடு பாக்கி. கல்லறைத் தோட்டத்துத் தேவதாரு மரங்களுக்கு அடியில் அவன் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தான். பார்த்துப் பார்த்து எரிச்சல் வந்து, அவன் சாண்ட்விச் தின்கிற நேரத்தில் ஸ்பானரை எடுத்து நான்கு போல்ட்டையும் அவளே கழற்றினாள். "அக்கா, வேணாமே" என்றான் வாய் நிறைய ரொட்டியோடு. "தின்னுட்டுக் கெளம்புடா" என்றாள் இவள். மூன்றாவது வீட்டில் குளத்துக் கரைச் சரிவு. ஈரப் புல்லில் பின்சக்கரம் வழுக்கியது. ஷெரிஃபின் போலீஸ் ஆள் வந்து கம்பி எங்கே என்று கேட்டபோது ட்வைலாவும் ஓடி வந்து நின்றுவிட்டாள். வெர்னாவின் வாய் தானாகச் சொன்னது: "அவனேதான் கழட்டினான். நான் எத்தனையோ தடவை சொல்லிட்டேன், கேக்கல." அந்த ஒரு பொய்யின் மேல்தான் ட்வைலாவின் ஒரு வருஷத்துக் கோபமும் நின்றது. உண்மையைச் சொன்னால் ட்வைலா போய்விடுவாள். வெர்னாவுக்கு அவளை விட்டால் வேறு யாரும் இல்லை.

கடைக்குப் பின்னால் ஒரு சரிவு உண்டு, ஓட்டிப் பார்க்க. மூன்று வண்டிகளையும் ஹாலிஸ் அங்கே கொண்டுபோய் நிறுத்தினான். ட்வைலா முதல் வண்டியில் ஏறி, இரண்டு கைப்பிடியையும் பிடித்து, மேலும் கீழும் ஓட்டி, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு தொழிலில் எல்லோரும் செய்கிற சோதனை: பிளேடு ஓடும்போதே இருக்கையை விட்டு எழுந்தாள். இருக்கைக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்சு இருக்கிறது. பாரம் விலகினால் எஞ்சின் அந்தக் கணமே செத்துவிட வேண்டும். செத்தது.

"நீயும் ஓட்டிப் பாரு வெர்னா. முழங்காலுக்கு ஒத்துக்குதான்னு தெரிய வேணாமா?"

ஒரு வருஷத்துக்குப் பிறகு வெர்னா அப்படி ஒரு வண்டியில் உட்கார்ந்தாள். முழங்கால் இரண்டும் அப்பாடா என்றன. அந்தச் சுகமே அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு சுற்றுப் போய்வந்து, பிளேடு ஓட, எழுந்து இறங்கினாள்.

எஞ்சின் நிற்கவில்லை.

வெறும் இருக்கையோடு வண்டி உறுமிக்கொண்டு நின்றது. பிளேடு சுழல்கிற காற்றில் புல் படுத்துக் கிடந்தது. "சுவிட்சு சிக்கிக்கிச்சு" என்று ஹாலிஸ் ஓடிவந்து சாவியைத் திருப்பினான். தானே ஏறி உட்கார்ந்து கிளப்பினான், எழுந்தான். பட்டென்று நின்றது. மறுபடியும் செய்தான். நின்றது.

"என்ன மாயமோ. அடுத்ததைப் பாரு."

இரண்டாவது வண்டி ட்வைலாவுக்கு நின்றது, ஹாலிஸுக்கு நின்றது. வெர்னா எழுந்தபோது நிற்கவில்லை. ஹாலிஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"ஏ வெர்னா, பாக்கெட்ல காந்தம் கீந்தம் வச்சிருக்கியா?"

"எனக்கு வேணாம் ஹாலிஸ். ட்வைலா ஓட்டுனாப் போதும்."

"போதாது" என்றாள் ட்வைலா. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "முதியோர் இல்லத்தை ரெண்டு பேரும் மாத்தி மாத்தித்தான் ஓட்டியாகணும். மூணாவதுல ஏறு."

மூன்றாவதுதான் இருப்பதிலேயே உறுதியான வண்டி. ட்வைலாவின் மனசு அதில்தான் இருந்தது. வெர்னா ஏறினாள். வண்டி நேராகப் போகவில்லை. முழுச் சுற்றுகூடப் போகாமல் பாதிச் சரிவில் நிறுத்தி, கடவுளே நின்றுவிடு என்று முனகிக்கொண்டே எழுந்து இறங்கி நாலடி தள்ளிப் போனாள்.

எஞ்சின் ஓடியது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. ட்வைலாதான் கிட்டே வந்து பார்த்தாள். ஸ்பிரிங் வைத்த இருக்கை, ஆள் இறங்கினால் நிமிர வேண்டும். நிமிரவில்லை. பாரம் ஏறினது போல் அமுங்கி, இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. சின்ன வயதில் இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து ராய்ஸ் எதில் உட்கார்ந்தாலும் இடது பக்கம் சாய்ந்துதான் உட்காருவான். சர்ச் பெஞ்சிலும் அப்படித்தான், சோபாவிலும் அப்படித்தான். பதினெட்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ட்வைலாவின் முகம் வெளுத்தது. இருக்கையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"எனக்கு நிக்குது. ஹாலிஸுக்கு நிக்குது. உனக்கு மட்டும் ஏன் அவன் எறங்க மாட்டேங்கறான்?"

"எனக்கென்ன தெரியும்..."

"வெர்னா."

வெர்னா ஒரு வருஷமாக மறைத்தது அப்போது வெளியே வந்தது. "கம்பியை அவன் கழட்டலை. நான்தான் கழட்டினேன். அவன் வேணாம்னான். சாப்பிட்டுட்டு இருந்தான், வேணாம்க்கான்னான். நான் கேக்கலை ட்வைலா. மழை வருதேன்னு..." அதற்கு மேல் அழுகை.

ட்வைலா கத்துவாள், அடிப்பாள் என்று வெர்னா எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெனமும் அவனைத் திட்டினேனே" என்றாள் ட்வைலா மெதுவாக. "காலையில எந்திரிச்சதும் திட்டினேன். சாப்பிடறப்போ திட்டினேன். அவன் கல்லைப் பாத்து, செத்தும் தொல்லை பண்றியேடான்னு சொன்னேன். நீ பக்கத்துல நின்னு கேட்டுட்டிருந்தே. ஒரு நாள் 'பாவம் நீ'ன்னு எனக்கு டீ கூட ஊத்திக் கொடுத்தே."

"நீ போயிடுவியோன்னு பயந்துட்டேன்."

 ட்வைலா ஓடுகிற வண்டிக்கு அருகே போய், சாவியைத் தொடாமல், இருக்கையின் ஓரத்தில் கையை வைத்தாள். அவள் குரல் அப்படி இறங்கி வெர்னா கேட்டதே இல்லை.

"ராய்ஸ், எனக்குத் தெரியாதுப்பா. தெரிஞ்சிருந்தா ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? எறங்கி வா. வீட்டுக்குப் போலாம்."

எஞ்சின் நின்றது. இருக்கை மெல்ல நிமிர்ந்தது. ஹாலிஸ் தொப்பியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

அதன் பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. மூன்றாவது வண்டியை ட்வைலா தன் பெயரில் எழுதி வாங்கினாள். தானே ஓட்டி டிரெய்லரில் ஏற்றி, சங்கிலி போட்டு இறுக்கினாள். பிக்கப்பில் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து, யாரோ ஏறி உட்காருகிற நேரம் காத்திருந்து, சாத்தினாள். வெர்னா இரண்டடி முன்னால் வந்தாள்.

"ட்வைலா, நானும்..."

"முதியோர் இல்லத்தை நான் பாத்துக்கறேன். சர்ச்சையும் நான் பாத்துக்கறேன். நீ வராதே வெர்னா. எங்க வீட்டுக்கும் வராதே."

எங்க என்று சொன்னது வெர்னாவுக்கு நன்றாகவே கேட்டது. பிக்கப் மேட்டில் ஏறி மறைந்தது.

ஹாலிஸ் உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தபோது வெர்னா முதல் வண்டியில் உட்கார்ந்திருந்தாள். எஞ்சினைக் கிளப்பி, பிளேடை ஓடவிட்டு, எழுந்தாள். நின்றது. இறங்கிப் போய் இரண்டாவது வண்டியில் ஏறினாள். எழுந்தாள். அதுவும் நின்றது. இந்த ஒரு வருஷமும் மத்தியானம் தூரத்துச் சரிவில் எஞ்சின் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தவள் அவள். இப்போது எழுந்த பிறகும் அந்தச் சத்தம் ஒரே ஒரு தடவை நிற்காமல் கேட்காதா என்றிருந்தது.

"போதும் வெர்னா. எறங்கு. நான் வீட்ல கொண்டு விடறேன்."

"ஒரு நிமிஷம் ஹாலிஸ்" என்று சொல்லி அவள் மறுபடியும் உட்கார்ந்தாள். இந்தத் தடவை இடது பக்கம் கொஞ்சம் இடம் விட்டு, நகர்ந்து உட்கார்ந்தாள். பிளேடை ஓடவிட்டாள். "டேய் ராய்ஸ்" என்றாள். எழுந்தாள்.

நின்றுவிட்டது.