உத்திராட நட்சத்திரத்தில் பிறந்த கிருமி

மனித குலத்தின் பல்வலி வருகிற வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு முடிவுக்கு வருகிறது என்று பல் மருத்துவ மாணவன் சுமந்த் அறிவித்தான். பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டை ஒப்படைக்கக் கடைசி நேரம் அதுதான். தவறினால் பல்வலி இன்னும் ஆறு மாதம் நீடிக்கும், சுமந்தின் படிப்பும்.

வேர்ச் சிகிச்சையில் பல்லின் நரம்பை எடுத்துவிட்டு, காலியான வேருக்குள் ஒரு பசையை அடைப்பார்கள். மிச்சமிருக்கும் கிருமியை அது கொல்ல வேண்டும், சுற்றியிருக்கும் சதையைக் கொல்லக் கூடாது. பல பசைகளுக்கு இந்த வித்தியாசம் பிடிபடுவதில்லை. சுமந்த் கலக்கிய பசையை மனித உயிரணுக்களோடு விட்டுப் பார்த்ததில் அவை சௌக்கியமாக இருந்தன. இனி கிருமி சாவதுதான் பாக்கி.

'என்டரோ' என்ற அந்தக் கிருமியை வளர்ப்பவர் விஜயம். நாகர்கோவில்காரி, கல்லூரி ஆய்வகத்தில் பதினெட்டு வருட உத்தியோகம். வளையக் கம்பியைத் தீயில் சிவக்கக் காட்டி, கையில் பிடித்தபடி கண்ணை மூடிக்கொள்வார். "என்டரோ, உத்திராட நட்சத்திரம், ஒரு கொறையும் வராம வளரணும், பழவங்காடிப் பிள்ளையாரே" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லி முடித்த பிறகே கிருமியைத் தொட்டுத் தட்டில் தடவுவார்.

"என்ன சேச்சி, கிருமிக்கு நட்சத்திரமா?" என்றான் சுமந்த்.

"கிருமி வந்த குப்பியத் தொறந்த அன்னைக்கு உத்திராடம்லா, டாக்டரே. பேரும் நாளும் சொல்லாம எப்பிடி வேண்டிக்கிட?"

"ஜாதகமும் எழுதிடுங்கோ. பொண்ணு பாத்துடலாம்."

"அதுக்குப் பொண்ணு வேண்டாம், தானே ரெண்டாப் பிரிஞ்சுக்கிடும். உங்களுக்குத்தான் பாக்கணும்."

அன்றே ஆய்வகச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஏறியது: 'இங்கு பிரார்த்தனை கூடாது.' கிருமியைத் தடவும் வேலையையும் சுமந்தே எடுத்துக்கொண்டான். கம்பி சிவந்தது, தொட்டான், தடவினான். விஜயம் ஒரு தட்டு முடிக்கும் நேரத்தில் மூன்று முடித்தான்.

திங்கட்கிழமை காலை எந்தத் தட்டிலும் கிருமி இல்லை.

"பாத்தேளா மேடம், ஒண்ணு மிச்சமில்லை!" என்று தட்டுகளோடு வழிகாட்டிப் பேராசிரியை பத்மஜாவின் அறைக்கு ஓடினான்.

அவர் ஒரு தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "எடா சுமந்தே, இதில உன் பசையே இல்லல்லோ?"

"இல்லை மேடம். சும்மா ஒப்பிட்டுப் பாக்க வச்சது."

"பின்னே இத யாரு கொன்னது?"

சுமந்த் யோசித்தான். "பக்கத்துத் தட்டுல பசை இருக்குன்னு கேள்விப்பட்டிருக்கும், மேடம்."

"பசை வைக்காத தட்டில கிருமி தழைச்சு நிக்கணும். நின்னா ஆய்வேட்டில ஒப்பு போடறேன். இல்லன்னா அடுத்த செமஸ்டர் பாக்கலாம், கேட்டோ."

செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. கிருமியைக் கொல்லப் பிறந்தவன் அதற்குச் சாப்பாட்டை மாற்றினான், சூட்டுப் பெட்டியை அரை டிகிரி கூட்டினான், வாசலில் நின்று சத்தம் போட்டுப் பேசியவர்களை விரட்டினான்.

"ஏன் சேச்சி வளர மாட்டேங்கறது?"

"எனக்கு என்ன தெரியும், டாக்டரே? நோட்டீஸ் போட்டிருக்கியளே. நான் வாயத் தொறந்தா குத்தம்லா." விஜயம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனார்.

கிருமி வளர ஒரு நாள் வேண்டும், பசையின் முடிவை எழுத இன்னொரு நாள். இருந்தது அந்த இரண்டு நாள்தான். சுமந்த் கதவைச் சாத்தினான். கம்பியைத் தீயில் காட்டினான், சிவந்தது. நோட்டீஸுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

"என்டரோ," என்றான், தொண்டையைச் செருமிக்கொண்டு. "உத்திராட நட்சத்திரம். வளரணும், பழவங்காடிப் பிள்ளையாரே."

'ஒரு குறையும் வராமல்' விட்டுப்போயிருந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னான். அதற்குள் கம்பியின் சிவப்பு வடிந்து, கிருமியைச் சுடாத அளவுக்கு நன்றாக ஆறியிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. கண்ணை மூடியிருந்தான்.