முழுவட்ட மெட்டி

புறப்படும்போது என் வீட்டுக்காரர் என் வலது காலைப் பார்த்து, "இன்னும் கடுக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

"பொய் சொல்லாத. பந்தல்குடியில ஒரு மோட்டாரு பாக்கணும். மத்தியானம் வந்து அந்த மெட்டிய அறுத்து எடுத்துட்டு வேற செஞ்சு தாரேன்."

திருச்சுழியிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா சண்முகவடிவு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "பொண்டாட்டிக்கே வெலங்கு செஞ்சு மாட்டுன ஆளு நீதான்டா" என்றார்.

"ஓடிப்போயிருவாள்லக்கா, அதான்." சொல்லிக்கொண்டே டிவிஎஸ்ஸை மிதித்தார்.

பந்தல்குடி போய்ச் சேரவில்லை. தூத்துக்குடி சாலையில் லாரி மோதிவிட்டது.

அவர் பெயர் சோணைமுத்து. சிங்கப்பூரில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு தொண்ணூற்றேழில் திரும்பி வந்து, பாளையம்பட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை போட்டார். வரும்போது உள்ளங்கை அகலத்தில் ஒரு உறை கொண்டுவந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஈரமான மண். வெள்ளித் தூளைப் பசை போட்டுப் பிசைந்தது அது. உருட்டிக் காயவைத்துச் சுட்டால் பசை எரிந்துபோய் வெள்ளி மட்டும் நிற்கும் என்று அங்கே கடையில் செய்து காட்டினார்களாம். உறைமேல் இருந்ததெல்லாம் ஜப்பான் எழுத்து.

என் கல்யாண மெட்டிகள் தேய்ந்து கம்பியாகியிருந்தன. அதனால் மெட்டிதான் செய்வேன் என்றார். என் கால்விரலில் நூல் சுற்றி அளவெடுத்தார். எண்ணெய் தடவிய தாம்பாளத்தில் மண்ணைத் திரித்து, நூலளவுக்கு வளைத்து, இரு முனைகளையும் தண்ணீர் தொட்டு ஒட்டினார். மொட்டை மாடியில் காயவைத்து, கரியடுப்பில் துருத்தி வைத்து ஊதிச் சுட்டார். எடுத்தபோது சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது. முகம் வாடிவிட்டது அவருக்கு. கம்பி பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க உள்ளிருந்து வெள்ளி வந்தது.

ஆனால் சிறுத்துப் போயிருந்தது. சுட்டால் சுருங்கும் என்று அந்த ஜப்பான் எழுத்தில் சொல்லியிருப்பார்கள். விளக்கெண்ணெய் தடவி நான்தான் அழுத்தி மாட்டினேன். கணு தாண்டி உட்கார்ந்ததும் திருப்பக்கூட முடியவில்லை. மெட்டிக்கு அடியில் வாய் விட்டிருப்பார்கள், விரித்தால் நெகிழும் என்பதை அதற்குப் பிறகுதான் அவரிடம் சொன்னேன். மோதிரம்போல முழுவட்டமாக ஒட்டியிருந்தார். மறுநாள் இடது காலுக்குப் பெரிதாகவும் வாய் விட்டும் செய்தார். அது சரியாக இருந்தது.

காரியத்தன்று காலையில் தாலியை வாங்கினார்கள். வளையலும் போனது. இடது கால் மெட்டியை ஒருத்தி லேசாக விரித்தாள், கழன்று வந்தது. வலது கால் வரவில்லை.

சோப்பு போட்டார்கள். நூலை விரல் நெடுகச் சுற்றி, மறுமுனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். கணுவில் தோல் உரிந்து விரல் நாவல்பழ நிறமானது. காலை மடக்கிப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"காலக் குடு, முத்துப்பேச்சி" என்றார் சண்முகவடிவு மதினி.

"இது இருக்கட்டும் மதினி."

"இருக்கட்டுமா? வெளிய பந்தி போட்டாச்சு. மெட்டியோட நீ உக்காந்திருந்தா ஒருத்தரும் கை நனைக்க மாட்டாக. எந்தம்பி காரியத்துல எலைய மூடிட்டு எந்திரிச்சுப் போகணுமா?"

காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டேன். மதினி வாசலைப் பார்த்துக் கை காட்டினார். பொன்னுச்சாமி ஆசாரி ஏற்கெனவே வந்து நின்றிருந்தார், கையில் வெட்டுக் கத்திரியோடு. எனக்குத் தெரியாமல் ஆள் அனுப்பியிருந்தார்கள். இரண்டு பெண்கள் என் தோளைப் பிடித்தார்கள். இன்னொருத்தி முழங்காலை அழுத்தினாள். கத்திரியின் நுனி மெட்டிக்கும் தோலுக்கும் நடுவே இடம் தேடியது. இரும்பு சில்லென்றிருந்தது.

மதினி குனிந்து என் காதருகே சொன்னார். "அவனே அறுத்துருவேன்னுதான சொல்லிட்டுப் போனான். நானும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்."

"அறுக்கேன்னு மட்டுமா சொன்னாக? வேற செஞ்சு தாரேன்னும் சொன்னாக. அத வாங்கிக் குடுத்துட்டு அறுங்க."

முழங்காலை அழுத்திய கை தளர்ந்தது. ஆசாரி தலையைத் தூக்கி மதினியைப் பார்த்தார். மதினி சுவரைப் பார்த்தார். வெளியே யாரோ சாம்பார் வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"வெரலு ரொம்ப வீங்கிருக்கு தாயி" என்றார் ஆசாரி, என்னிடமில்லை, மதினியிடம். "இப்ப வெட்டுனா சதையில எறங்கிரும். வீக்கம் வத்தட்டும். சொல்லி விடுங்க, வாரேன்." கத்திரியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டார்.

மதினி நகரவில்லை. வெட்டச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் கொடியில் கிடந்த பழைய துண்டை இழுத்து ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தார். என் காலைத் தன் மடியில் வைத்து, மெட்டி மறைய விரலைச் சுற்றிக் கட்டினார். முடிச்சை இரண்டு தரம் இறுக்கினார்.

"கல்லு தட்டிருச்சுன்னு சொல்லு. ஆரும் கேட்டா."

யாரும் கேட்கவில்லை. பந்தி நடந்தது. மதினிதான் மோர் ஊற்றினார். அதன்பிறகு ஆசாரிக்கு ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை.

கட்டு அவிழ்ந்து வருடங்கள் ஆகிவிட்டன, மெட்டி அங்கேயேதான் இருக்கிறது. அந்த விரலில் மட்டும் நகம் மற்ற விரல்களைவிட மெதுவாகவே வளர்கிறது.