இந்தா என்றொரு படகு

லேக் வியூ நகருக்கு ஏரி எப்படி வந்தது என்று அங்கே மனை வாங்கிய யாரும் கேட்பதில்லை. மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய தாழ்ந்த பூமி. மனைகளை மேடாக்க புரமோட்டர் நடுவில் மண்ணை அள்ளினார். அள்ளிய பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்றது. நின்ற தண்ணீருக்கு நோட்டீஸில் ஏரி என்று போட்டார். சுனாமி வந்துபோன மறுவருஷம். கடலோரத்தில் வீடு என்றாலே ஜனங்கள் ஓடுகிற நேரத்தில், 'அலை இல்லாத தண்ணீர்' என்றதும் மனைகள் மளமளவென்று போய்விட்டன.

தண்ணீர் என்று ஒன்று இருந்தால் அதில் எதையாவது மிதக்கவிடாமல் நம் ஜனங்களால் இருக்க முடியுமா? பிளாஸ்டிக் டிரம்மில் பலகை கட்டி ஒருத்தர் இறங்கினார். பையனுக்காக ரப்பர் டியூப் விட்டார் இன்னொருத்தர். ரெண்டும் நடு ஏரியில் முட்டிக்கொண்டு சண்டையானதும் நகர் நலச் சங்கம் கூடி விதி போட்டது. சங்கச் செயலாளர் தட்சணாமூர்த்தி, வண்டிகளுக்கு நம்பர் கொடுக்கும் ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். கை சும்மா இருக்குமா? மோட்டார் கூடாது, ஆரஞ்சு ஜாக்கெட் போடாமல் ஏறக்கூடாது, இருட்டின பிறகு தண்ணீரில் எதுவும் இருக்கக்கூடாது, கட்சித் தலைவர் பேர் வைக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, மிதப்பது எதுவானாலும் சங்கத்தில் பதிவு செய்து, நம்பரும் பேரும் கரையிலிருந்து படிக்கிற அளவுக்குப் பெரிசாக எழுதியிருக்க வேண்டும்.

இக்கரை ஹமீதாவின் தூக்கம் போனது இந்தக் கடைசி விதியால்தான்.

எதிர்க்கரை வெற்றிச்செல்வன் கடலோர அனுமந்தைக்காரர், ஐஸ் பேக்டரி வைத்திருப்பவர். படகு அவருக்குப் புதுசில்லை. நீலப் பெயிண்டில் ஒரு சின்ன ஃபைபர் படகை இறக்கி, 'எல்.வி.1' என்று முதல் நம்பரையும் வாங்கி, அதன் கீழே வெள்ளை எழுத்தில் பெண்டாட்டி பேரை எழுதிவிட்டார்: வைஜெயந்தி. தினமும் சாயங்காலம் அந்தப் படகு ஹமீதாவின் அடுப்படி ஜன்னலை ஒட்டித்தான் திரும்பும். வைஜெயந்தி உள்ளே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பாள். இங்கே ஹமீதாவின் சட்டியில் வெங்காயம் கருகும்.

படகு மேல் அவளுக்குப் பொறாமை இல்லை. அந்தப் பேர் மேல்தான்.

அவள் புருஷன் கமாலுதீன் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காகப் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு வந்து சேர்ந்தவர். நல்ல மனுஷன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் கட்டின நாளிலிருந்து பெண்டாட்டி பேரை வாய் திறந்து சொன்னதில்லை. வெளியாட்களிடம் 'எங்க வீட்ல' என்பார். வீட்டுக்குள் 'இந்தா'. ஷார்ஜாவிலிருந்து போன் பண்ணினாலும், "இந்தா, நான்தான்." முன்பு கோட்டக்குப்பத்தில் குடியிருந்தவரை ஹமீதாவுக்கு இது ஒரு குறையாகவே தெரியவில்லை. அந்தத் தெருவில் எல்லாப் பெண்களுமே 'இந்தா'தான். ஒரு இந்தாவைக் கூப்பிட்டால் நாலு ஜன்னல் திறக்கும்.

"நாமளும் ஒரு போட் வாங்கலாம்ங்க" என்றாள்.

"உனக்குத் தண்ணின்னா பயமாச்சே."

"நான் ஏறப்போறேன்னு சொன்னேனா?"

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் பாண்டிச்சேரிக்குப் போய், பச்சையில் ஒரு பழைய படகைப் பார்த்து எடுத்து வந்தார். என்ன பேர் எழுதணும் என்று ஹமீதா வாயைத் திறக்கவில்லை. கேட்டு வாங்கினால் அது என்ன மதிப்பு? வைஜெயந்தி கேட்டா எழுத வைத்தாள்?

பதிவு நாளன்று பர்தாவைப் போட்டுக்கொண்டு தானும் கூடவே போனாள். சங்கத்து ஷெட்டில் தட்சணாமூர்த்தி மேஜை போட்டிருந்தார். டப்பாவும் பிரஷ்ஷுமாக பெயிண்டர் ஒருத்தர் பக்கத்தில்.

"நம்பர் எல்.வி.4. பேர்?"

கமாலுதீன் தொண்டையைச் செருமினார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அவருக்கும் விஷயம் தெரியாமல் இல்லை. கருகின வெங்காயத்தை ஒரு மாசமாகத் தின்கிறவர் ஆயிற்றே. சொல்லிவிடத்தான் நினைத்தார். நாக்கு எழும்பவில்லை. நீயே சொல்லிவிடேன் என்கிற மாதிரி பெண்டாட்டி பக்கம் திரும்பி, "இந்தா..." என்றார்.

தட்சணாமூர்த்தி எழுதிக்கொண்டு, "அடுத்தவங்க வாங்க" என்றார்.

மறுநாள் படகின் பக்கவாட்டில் சிவப்பில் பளிச்சென்று நின்றது: எல்.வி.4, இந்தா.

முதலில் பார்த்தது யார் என்கிறீர்கள்? வைஜெயந்திதான். பார்த்த கையோடு வந்தும் விட்டாள்.

"என்னக்கா, உங்க போட்டு ஊருக்கே எதையோ எடுத்து நீட்டுது? வாங்கிக்கலாமா?"

"வாங்கிக்கம்மா. உனக்குத்தான் எதுவும் பத்தாதே."

"கோச்சிக்காதீங்க. அண்ணன் ஆசையாத்தானே கூப்பிடறாரு. அதுசரி, நீங்க மட்டும் அண்ணன் பேரைச் சொல்லுவீங்களா?"

"அது வேற" என்றாள் ஹமீதா. எப்படி வேறு என்று வைஜெயந்தியும் கேட்கவில்லை, நாமும் கேட்க வேண்டாம்.

கரையில் விளையாடுகிற வாண்டுகள் படகைக் கண்டால் கையை நீட்டி "குடு, குடு" என்று கத்த ஆரம்பித்தன. ஹமீதா நேரே தட்சணாமூர்த்தியிடம் போய் நின்றாள்.

"அது பேர் இல்லீங்க சார். என்னைக் கூப்பிட்டாரு."

"சொன்னாரு, எழுதினேன். லாரி பின்னாடி எழுதறதைப் பார்த்திருக்கீங்களா? இதைவிட விசித்திரமெல்லாம் பாஸ் பண்ணியிருக்கேன்மா."

"மாத்திக் குடுங்க."

"மாத்தலாம். விதி இருக்குது. போட்டுக்காரர் பொதுக்கூட்டத்துல எழுந்து நின்னு, சரியான பேரை அவர் வாயால சொல்லணும். யாருக்கும் ஆட்சேபணை இல்லைன்னா மாத்திடலாம்."

வீட்டுக்கு வந்து ஹமீதா அப்படியே ஒப்பித்தாள். கமாலுதீன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "இந்தா, மக பேரைச் சொல்லிடவா? அர்ஷியான்னு எழுதிட்டா அழகா இருக்கும்."

"எழுதுங்க. அவ வந்து உங்களுக்கு மீன் குழம்பு வைப்பா." அர்ஷியா இருப்பது சென்னை ஹாஸ்டலில். அதற்கப்புறம் கூட்டம் வரை அந்த வீட்டில் பேச்சு இல்லை. மதில் சுவர் உயரம் கம்மி என்பதால் பேச்சு இல்லாததும் நன்றாகவே கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். செருப்புகளை வெளியே விட்டுவிட்டு ஷெட்டில் எல்லாரும் பாயில் உட்கார்ந்தார்கள். வழக்கமாகக் கூட்டத்துக்கு வராதவர்கள்கூட அன்றைக்கு வந்திருந்தார்கள். வைஜெயந்தி முன்வரிசை.

"எல்.வி.4, பேர் திருத்தம்" என்று தட்சணாமூர்த்தி வாசித்தார்.

கமாலுதீன் எழுந்தார். ஹமீதா மனசுக்குள் கணக்குப் போட்டாள். மனுஷன் இப்போது மகள் பேரைச் சொல்வார், இல்லாவிட்டால் மறுபடியும் 'இந்தா' என்று திரும்பிப் பார்ப்பார், வைஜெயந்தி ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

"ஹமீதா" என்றார் கமாலுதீன்.

தடுமாற்றம் இல்லை, இழுவை இல்லை. ஓதிப் பழகின வாயிலிருந்து வருகிற மாதிரி மணியாக வந்து விழுந்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. ரெண்டு பேர் கைதட்டினார்கள்.

சந்தோஷப்பட வேண்டியவள் என்ன செய்தாள்? முகத்தைச் சுருக்கிக்கொண்டாள். இத்தனை வருஷம் வராத பேர் இவ்வளவு வழவழப்பாக எப்படி வந்தது? வேறு எங்கோ சொல்லிப் பழகியிருக்க வேண்டும். ஷார்ஜாவில் ஹமீதாக்களுக்கா பஞ்சம்? எழுந்தவள் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே நடந்தாள்.

பின்னாலேயே கமாலுதீன் வந்தார். அவர் பின்னால் வைஜெயந்தியோடு வெற்றிச்செல்வன் சிரித்துக்கொண்டு வந்தார். "அண்ணே, நல்லா சொன்னீங்க. அக்கா, தெரியுமா? வாரம் பூரா அண்ணன் உச்சி வெயில்ல நடு ஏரிக்குப் போயி தனியா உங்க பேரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. ஏதோ ஓதறாருன்னு நெனச்சேன். கிட்டப் போனாத்தான் தெரிஞ்சுது."

ஷார்ஜா ஹமீதா அந்த நிமிஷமே ஒழிந்தாள். ஆனால் பொறாமைக்கு இடம் காலியானால் அது சும்மா போய்விடுமா?

"அப்போ எனக்கு முன்னாடி நீங்க கேட்டுட்டீங்க" என்றாள் ஹமீதா வெற்றிச்செல்வனிடம். அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் கமாலுதீன் பக்கம் திரும்பினாள். "ஏரிக்குச் சொன்னீங்க. இவருக்குச் சொன்னீங்க. சங்கத்துக்குச் சொன்னீங்க. எனக்கு எப்போ?"

கமாலுதீன் ரோட்டின் ரெண்டு பக்கமும் பார்த்தார். தூரத்தில் உப்புக் குவியல்கள் வெள்ளையாக இருந்தன. "ரோட்ல நின்னுக்கிட்டு என்ன..." என்று முனகினார்.

அவள் நடந்தாள். பின்னால் வைஜெயந்தி தன் புருஷனை இடிக்கிற சத்தம் கேட்டது. "பார்த்துக்குங்க. ஒரு வாரமா பேரைச் சொல்லிப் பழகியிருக்காரு மனுஷன். நீங்க பெயிண்டருக்குச் சொன்னதோட சரி. வீட்டுல நான் 'ஏ புள்ள'தானே?"

ஹமீதாவின் நடை தளர்ந்தது. காது மட்டும் பின்னாலேயே நின்றது.

"ஹமீதா" என்றார் கமாலுதீன், தாழ்ந்த குரலில். "செருப்பு."

கேட்காதவள் மாதிரி நடந்தாள். இன்னொரு தரம் சொல்லட்டும். வைஜெயந்திக்குக் கேட்கிற மாதிரி.