சம்பங்கி "வாங்க" சொல்லாத நாள்

ஒரே வருஷத்தில் பதினேழு பேர் தங்கச் சுரங்கத்தில் என் கேங்கை விட்டு ஓடிப்போனார்கள். ஓடினவர்களுக்குப் பதிலாகக் குடியாத்தம் பக்கம் போய் ஆள் கூட்டி வருவது மேஸ்திரியான என் வேலை. "உன் ஆளுங்க சோம்பேறி. சுரங்கத்துக்கு லாயக்கில்லை" என்பார் சுரங்கத்தின் வெள்ளைக்கார அதிகாரி கேப்டன் துரை. நானும் வெட்கமில்லாமல் தலையாட்டிவிட்டு ஊரிகம் ஸ்டேஷனில் ரயிலேறுவேன். ஊர்களில் போய், நல்ல வேலை, நல்ல சோறு என்று அளப்பேன்.

ஆள் குறைந்தால், ஒரு ஷிப்டு முடித்தவனையே அடுத்த ஷிப்டுக்கும் இறக்குவார்கள். இரண்டு வாரத்தில் அவனும் ஓடுவான். அவன் ஓடினதற்கு இன்னொருவன் முதுகு ஒடியும். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை.

எங்கள் கேங்கில் முட்டுக் கட்டுகிறவன் சம்பங்கி. வெடி வைத்த இடத்தில் முதலில் நுழைந்து, கடப்பாரையால் மேல்பாறையைத் தட்டிப் பார்ப்பான். கணீரென்றால் பாறை கெட்டி. தொம்மென்றால் விழப்போகிறது, மரமுட்டுக் கொடுக்காமல் யாரும் போகக் கூடாது. அவன் "வாங்க" என்றால்தான் நாங்கள் உள்ளே போவோம். ஆறு வருஷமாக அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் உயிரோடு இருக்கிறோம்.

அன்று காலை எல்லோரும் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டான கேஜில் ஏறிவிட்டோம். நாலு நாளாக இரட்டை ஷிப்டு பார்த்த சம்பங்கி மட்டும் ஏறவில்லை.

"இன்னாடா?" என்றேன்.

"எல்லாப் பாறையும் ஒரே மாதிரி கேக்குது மேஸ்திரி. நேத்து கணீருன்னுதா தொம்முன்னுதான்னே தெரியாம வாங்கன்னுட்டேன். இன்னிக்கு சொல்ல மாட்டேன்."

நேற்று அந்தப் பாறைக்கு அடியில் நானும்தான் நின்றேன்.

கேஜுக்கு வெளியே நின்ற கேப்டன் துரையிடம் விஷயத்தைச் சொன்னேன். "இவன் லாயக்கில்லை. கம்பெனி குடுத்த லைன் வீட்டைக் காலி பண்ணச் சொல்லு. நீ போய் வேற ஆள் கொண்டு வா" என்றார். சம்பங்கியின் பெண்சாதி தாயம்மாவுக்கு அது ஒன்பதாம் மாசம்.

எனக்கு வந்ததே கோபம்!

"தெரியலன்னு வாயத் தெறந்து சொன்னான் பாருங்க தொரை, இவன் ஒருத்தன்தான் இந்த வேலைக்கு லாயக்கு. ஒரு நாள் தூங்க உடுங்க. நாளைக்கு அவனே எறங்குவான்."

"முடியாது."

நான் கேஜை விட்டு இறங்கினேன். பின்னாலேயே கேங்கும் இறங்கிற்று.

துரையின் முகம் சிவந்தது. "எல்லாரையும் மாத்துவேன்! புது ஆள் கொண்டு வருவேன்!"

"யாரு கொண்டாருவாங்க தொரை? கூட்டியாற ஆளு நான்தானே? நான் ரயிலேறத்தான் போறேன். ஊர் ஊராப் போயி, இங்க இன்னா நடக்குதுன்னு உள்ளது உள்ளபடி சொல்லிட்டு வரப்போறேன்."

துரை கேஜ்காரனிடம், இப்போது இறக்க வேண்டாம் என்று கையைக் காட்டினார். கேஜ் காலியாக நின்றது.

"சம்பங்கி, நீ போய்ப் படுடா" என்றேன்.

அவன் துரையைத் திரும்பியும் பார்க்காமல் தன் லைன் வீட்டுக்கு நடந்தான்.